பீடித்தட்டு மடியில், பிள்ளை வயிற்றில்

இந்த மாதப் பாடம்: தாய் சேய் நலம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், கணக்கு நோட்டு எழுதுவது என்று எத்தனையோ பாடங்களை நாம் சேர்ந்து படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் வயிற்றுப் பிள்ளையைப் பற்றியது. படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். அக்காமார், பெரியம்மாமார் எல்லாரும் கேட்கட்டும். முக்கியமாக மாமியார்கள் கேட்கட்டும்.

ஒரு கேள்வியில் தொடங்குகிறேன்

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே எங்கள் குழுவில் ஒரு தங்கை இருக்கிறாள். பெயர் வேண்டாம். வயது 24. தினமும் 800 பீடி சுற்றுவாள். கூரை மாற்றக் குழுவில் கடன் வாங்கியிருந்தாள். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. தலைப்பிள்ளை உண்டாகி ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தபோது, பிள்ளைக்கு முதுகுத்தண்டு மூடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை நிற்கவில்லை.

மாமியார், "கிரகணத்தன்னைக்கு வெளிய வராதன்னு சொன்னேன், கேக்கலியே" என்றார். பக்கத்து வீட்டில் வேறு ஒரு காரணம் சொன்னார்கள். அடுத்த மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு அவள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நான் பீடி சுத்துனதுனாலதான் எம் பிள்ளைக்கு அப்படி ஆச்சா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சமூகப் பணி படித்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்குச் சத்துணவு பற்றிப் பத்துக் கூட்டமாவது போட்டிருப்பேன். ஆனாலும் ஒன்று உறுத்தியது. மாதாமாதம் அவள் தவணைக்கு நோட்டில் டிக் அடித்த நான், "உண்டாகியிருக்கியா? மாத்திரை சாப்பிடுறியா?" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். அவரிடம் கேட்டதும், அதன் பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தப் பாடம்.

டாக்டரம்மா முதலில் சொன்னதை முதலிலேயே எழுதுகிறேன்: "ஒரு பிள்ளைக்கு இப்படி ஆனதுக்கு இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் கை காட்ட முடியாது. தாய் மேல பழி போடாதீங்க. ஆனா அடுத்த பிள்ளைக்கு நாம செய்யக்கூடியது நிறைய இருக்கு."

நிகோடின் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது?

புகையிலையில் இருக்கும் விஷச்சத்துக்குப் பெயர் நிகோடின். "திரும்பவும் போடு, திரும்பவும் போடு" என்று மனசை இழுப்பது இதுதான். இது உள்ளே போக நான்கு வழி உண்டு.

1. வாய் வழி: வெற்றிலையோடு பொயிலை போடுவது, பல்லில் பொடி வைத்துத் தேய்ப்பது, பாக்கெட்டில் வரும் புகையிலைத் தூளைக் கன்னத்தில் அடக்குவது. கன்னத்துத் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். விழுங்காமல் துப்பினாலும் கலக்கும்.

2. மூக்கு வழி: மூக்குப்பொடி.

3. புகை வழி: நாம் பிடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பிடித்தால் போதும், புகை நம் மூச்சில் வரும்.

4. தோல் வழியும் தூசி வழியும்: இது பலருக்குத் தெரியாது. பச்சைப் புகையிலை பறிக்கிறவர்களுக்கு, அதுவும் இலை ஈரமாக இருக்கும்போது, தலைசுற்றலும் வாந்தியும் வருவது உண்டு. கைத்தோல் வழியாக நிகோடின் ஏறுவதால் வருகிற நோய் அது. பொயிலை போடும் பழக்கமே இல்லாத பீடித் தொழிலாளிகளைச் சோதித்துப் பார்த்தபோதும், உடம்பில் நிகோடின் போனதற்கான அடையாளம் தெரிந்திருக்கிறது. தூள் வைத்த விரலாலும், தட்டில் இருந்து பறக்கும் தூசியாலும் அது ஏறுகிறது.

ஆக, "நான் பொயிலையைக் கையால கூடத் தொடமாட்டேன்" என்று சொல்கிற நகரத்துப் பெண்ணும், வாயில் போடாமல் நாள் முழுக்கத் தூளைக் கையால் தொடுகிற நம் சகோதரியும் ஒன்றல்ல.

வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்கிறது?

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நஞ்சு இருக்கிறது. சாப்பாடு, காற்று எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். நஞ்சு ஒரு வடிகட்டி, கெட்டதை நிறுத்திவிடும் என்று பலரும் நினைக்கிறோம். நிகோடினை அது நிறுத்தாது. தாய் ரத்தத்தில் உள்ளது பிள்ளைக்கும் போய்ச் சேரும். சில சமயம் தாயைவிடப் பிள்ளையின் ரத்தத்தில் கூடுதலாகவே நிற்கும்.

நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். வாய்க்காலில் மண் சரிந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டுமா? அப்படித்தான். கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தம் குறைகிறது. பிள்ளைக்குப் போகும் சத்தும் பிராணவாயுவும் குறைகிறது. புகையாக உள்ளே போனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் சேர்ந்துகொண்டு, ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

"புகைதானே கெடுதல், மெல்லுறது ஒண்ணும் செய்யாது" என்று சொல்வது தவறு. 2004-ல் மும்பையில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. புகையிலை மென்ற கர்ப்பிணிகளையும் மெல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மென்றவர்களின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகவும், ஏறக்குறைய 6 நாள் முன்கூட்டியும் பிறந்தன. சராசரி 105 கிராம் என்றால் சிலருக்கு அதைவிடக் குறைவாகவும், சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் குறைந்திருக்கும். 32 வாரத்துக்கு முன்பே பிறக்கிற ஆபத்து மென்றவர்களுக்குப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. 2 கிலோ பிள்ளையை வளர்த்தெடுக்கிற பாடு எப்படி என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

எலும்பு எப்படி உருவாகிறது?

பிள்ளைக்கு முதலில் எலும்பு கிடையாது. காது மடலைத் தொட்டுப் பாருங்கள், வளைகிறது அல்லவா? அந்த மாதிரிக் குருத்தாகத்தான் கை, கால் எல்லாம் முதலில் உருவாகும். இரண்டாம் மாதக் கடைசியில் அந்தக் குருத்தின் நடுவில் எலும்பு கட்டத் தொடங்கும். வீடு கட்டுகிற மாதிரிதான். முதலில் சாரம், பிறகு செங்கல், சிமெண்ட். சிமெண்ட் என்பது சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம். பிறக்கும் போது பிள்ளை உடம்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் சேருகிறது. தாய் சாப்பாட்டில் இல்லாவிட்டால் தாயின் எலும்பில் இருந்து எடுத்துக்கொள்ளும். "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லு போச்சு" என்று பாட்டிமார் சொல்வார்கள். பல்லில் இருந்து எடுக்காது; எலும்பில் இருந்து எடுக்கும்.

நிகோடின் இந்தக் கட்டட வேலையைத் தாமதப்படுத்தும். சரக்கு வண்டி வராவிட்டால் கொத்தனார் என்ன செய்வார்? ரத்தம் குறைந்தால் எலும்பு கட்டும் அணுக்களுக்கும் வேலை ஓடாது. எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், நிகோடின் ஏற்றப்பட்ட தாய் எலியின் குட்டிகளுக்கு எலும்பு கட்டுவது பின்தங்கியது. சிகரெட் பிடிக்கும் தாய்மாரின் வயிற்றுப் பிள்ளையை ஸ்கேனில் அளந்த வெளிநாட்டு ஆய்வுகளில், தொடை எலும்பின் நீளம் குறைவாக வளர்ந்தது தெரிந்தது. தாய் புகைப்பதால் பிள்ளைக்கு உதடு, அண்ணம் பிளந்திருக்கிற ஆபத்தும் கூடுகிறது.

28 நாள் கணக்கு

இனி முதுகுத்தண்டுக்கு வருவோம். இதுதான் பாடத்தின் முக்கியமான இடம். மெதுவாகப் படியுங்கள்.

மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான ஏடு மாதிரி இருக்கும். அது பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டு குழலாக மூடிக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் நரம்புக்குழல். கரு உண்டாகி 28 நாளுக்குள் இது மூடி முடிந்துவிட வேண்டும். மேல்பக்கம் மூடாவிட்டால் மண்டை ஓடு உருவாகாது. அந்தப் பிள்ளை பிழைக்காது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகெலும்பும் மூடாமல் பிளந்து நிற்கும்; கால் செயல்படாமல் போகலாம், சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போகலாம்.

காலண்டரை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஒருத்திக்கு ஏப்ரல் 1-ம் தேதி மாதவிலக்கு வந்தது. ஏப்ரல் 15 வாக்கில் கரு உண்டாகிறது. ஏப்ரல் 29-ம் தேதி வர வேண்டிய விலக்கு வரவில்லை. "தள்ளிப் போயிருக்கு, பார்ப்போம்" என்று இருக்கிறாள். மே 13-ம் தேதிக்குள் பிள்ளையின் நரம்புக்குழல் மூடும் வேலை முடிந்துவிடும். அதாவது நாள் தள்ளி இரண்டே வாரம். நம் வீடுகளில் மாமியாரிடம் சொல்வது எப்போது? நர்ஸம்மாவிடம் பதிவது எப்போது? ஜூன் கடைசி, ஜூலை. அதற்குப் பிறகு எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும், ரத்தம் ஊறும், பிள்ளை வளரும். மூடாத குழல் மூடாது.

அந்தக் குழல் சரியாக மூடுவதற்குத் தேவையான சத்துதான் போலிக் அமிலம். ஆகவே இது வயிறு தெரிந்த பிறகு தொடங்குகிற மாத்திரை இல்லை. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்க வேண்டிய மாத்திரை.

இலையில் கிடைத்த மருந்து

இந்தச் சத்தைக் கண்டுபிடித்த கதை நம் நாட்டுப் பெண்களோடு சேர்ந்தது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய பெண் டாக்டர் மும்பைக்கு வந்தார். துணி மில்லில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய்கறி, கீரை, பால் எதுவும் சரியாக இல்லை. நம் குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும் தங்கி ஆராய்ச்சி செய்தார். ஈஸ்ட்டில் இருந்து எடுத்த ஒரு சாற்றைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது என்ன என்று அப்போது தெரியாது. 1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக்கீரையைப் பிழிந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு உள்ள சொல்லை வைத்துப் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1991-ல் பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு நரம்புக்குழல் மூடாமல் போன தாய்மாருக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே இந்தச் சத்தைக் கொடுத்தபோது, நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு ஆபத்து குறைந்தது.

இன்னொரு விஷயம். புகை பிடிப்பவர்களின் ரத்தத்தில் இந்தச் சத்து குறைவாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பொயிலை போட்டால் பசி மட்டுப்படும், சாப்பாடு குறையும், கீரையும் பயறும் குறையும். ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் வரவும் இல்லை என்றால் குடம் எப்படி நிறையும்?

"அப்போ மாத்திரையைப் போட்டுக்கிட்டு பொயிலையும் போடலாமா மேடம்?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். கூடாது. போலிக் அமிலம் நிகோடினை முறிக்கிற மருந்து அல்ல. சுருங்கின ரத்தக்குழாயை மாத்திரை விரிக்காது. இரண்டும் வேறு வேறு வேலை. மாத்திரை சாப்பிடவும் வேண்டும், பொயிலையை விடவும் வேண்டும்.

எந்த மாத்திரை, எப்போது?

(சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் உடம்புக்கு ஏற்ப டாக்டர் மாற்றிச் சொன்னால் அதையே கேளுங்கள்.)

* பிள்ளை எதிர்பார்க்கும் பெண், முதல் மூன்று மாதக் கர்ப்பிணி: தினம் ஒரு போலிக் அமில மாத்திரை, 400 மைக்ரோகிராம்.

* நான்காம் மாதத்தில் இருந்து: தினம் ஒரு சத்து மாத்திரை. இதில் இரும்புச்சத்து 60 மில்லிகிராம், போலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். குறைந்தது 180 நாள். பிள்ளை பெற்ற பிறகு இன்னும் 180 நாள்.

* நான்காம் மாதத்தில் இருந்து கால்சியம் மாத்திரையும் உண்டு. 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. பால் கொடுக்கும் ஆறு மாதமும் தொடர வேண்டும்.

* ஏற்கெனவே பிள்ளைக்கு முதுகுத்தண்டு மூடாமல் போனவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: இவர்களுக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும். கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. கால்சியம் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரி படுக்கும் முன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இரும்பு மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். எலுமிச்சை சாறு, நெல்லிக்காய் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே மாத்திரையைத் தகர டப்பாவில் போட்டு வைக்காமல் வயிற்றில் போடுங்கள்.

சாப்பாட்டில்: முருங்கைக்கீரை, அரைக்கீரை, பசலைக்கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து, வேர்க்கடலை, முட்டை. இவற்றில் போலிக் அமிலம் உண்டு. கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். கொஞ்சம் தண்ணீரில் மூடி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்சியத்துக்குக் கேப்பைக்கூழ், எள்ளுருண்டை, பால், மோர், முள்ளோடு தின்கிற நெத்திலி. 100 கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கர்ப்பிணிதான் சாப்பிட வேண்டும், வீட்டில் உள்ள மற்றவர்கள் பங்கு போடக் கூடாது!

பீடி சுற்றும் சகோதரி என்ன செய்வது?

"வேலையை விட்டுரு" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடலாம். அரிசிக்கு என்ன செய்வாள்? தவணைக்கு என்ன செய்வாள்? ஆகவே முழுக்க விட முடிந்தவர்கள் விடுங்கள். முடியாதவர்கள் இதைச் செய்யுங்கள்:

1. வேலையைப் பிரியுங்கள். இலை நனைப்பது, இலை வெட்டுவது, பீடி கட்டுக் கணக்குப் பார்ப்பது இவற்றில் தூளில் கை வைப்பது குறைவு. தூள் வைத்துச் சுற்றுவதை வீட்டில் உள்ள வேறு பெரியவர்கள் செய்யட்டும். பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

2. தூளை அடுக்களையிலும் படுக்கும் அறையிலும் வைக்காதீர்கள். காற்றோட்டமான திண்ணையில் வேலை நடக்கட்டும். தூள் புடைப்பது, சலிப்பது கர்ப்பிணி இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

3. தட்டை மடியில் வைத்துக்கொண்டே டீ குடிப்பது, முறுக்கு தின்பது கூடாது. எழுந்து போய் சோப்புப் போட்டு, நகக்கண் வரை கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

4. வேலைக்கென்று ஒரு பழைய சேலை வையுங்கள். முடிந்ததும் மாற்றுங்கள். அதே சேலையோடு பிள்ளைக்குப் பால் கொடுக்காதீர்கள். அந்தச் சேலையைத் தனியாகத் துவையுங்கள்.

5. கையில் வெட்டுக்காயம் இருந்தால் துணி சுற்றிக்கொள்ளுங்கள். காயம் வழியாக இன்னும் வேகமாக ஏறும். கையுறை போட்டுச் சுற்றச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால், ஒரு பீடி சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். விரல் நுனியில் நடக்கிற வேலை அது என்று நமக்குத் தெரியும்.

6. தலைசுற்றல், வாந்தி, படபடப்பு வந்தால் மசக்கைதானே என்று விடாதீர்கள். தட்டை இறக்கி வைத்துவிட்டுக் காற்றாட உட்காருங்கள். நர்ஸம்மாவிடம், "நான் பீடி சுத்துறேன்" என்று சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பொயிலைப் பழக்கத்தை விட

மசக்கைக்கு, பல்வலிக்கு, பசிக்கு என்று தொடங்கின பழக்கம் இது. விட்ட முதல் மூன்று நான்கு நாள் எரிச்சல் வரும், தலை வலிக்கும், தூக்கம் கெடும். ஆசை வரும்போது சில நிமிடம்தான் பலமாக இழுக்கும். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் அடங்கும். ஒரு செம்பு தண்ணீர் குடியுங்கள். சோம்பு, கிராம்பு, ஏலக்காய், காய்ந்த நெல்லிக்காய் எதையாவது வாயில் போடுங்கள். "பொயிலை இல்லாம வெறும் பாக்கு?" அதுவும் வேண்டாம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. வளைகாப்புத் தாம்பூலத்தை மடியில் கட்டுங்கள், வாயில் வேண்டாம். பழக்கத்தை விடுவதற்கென்று விற்கிற நிகோடின் மிட்டாயைக் கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் வாங்கக் கூடாது. அதிலும் இருப்பது நிகோடின்தான். உதவிக்கு 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். புகையிலையை விட வழிகாட்டும் தேசிய உதவி எண் 1800 112 356. காசு கிடையாது.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: வாசலைத் தாண்டிப் போய்ப் பிடியுங்கள் என்றுகூட நான் சொல்லமாட்டேன். புகை சட்டையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். இது உங்கள் பிள்ளை. பத்து மாதம் அவள் சுமக்கிறாள். நீங்கள் பீடியை இறக்கி வையுங்கள்.

கூட்டத்தில் வந்த ஒரு வாக்குவாதம்

இந்தப் பாடத்தை ஒரு குழுவில் சொன்னபோது ஒரு பாட்டி எழுந்தார்.

"என்னத்தையோ சொல்லுதிய. நாங்கள்லாம் பொயிலை போட்டுக்கிட்டுத்தான் பெத்தோம். எம் பிள்ளைய எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

நான் கேட்டேன், "எத்தனை பிள்ளை பாட்டி?"

"எட்டு பெத்தேன்."

"எட்டும் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அஞ்சு நின்னுச்சு" என்றார். பிறகு, "மூணு நிக்கல. ஏன்னு யாரு கேட்டா அப்போ?" என்றார்.

அந்த மூன்றுக்கும் பொயிலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ரோட்டைப் பார்க்காமல் கடக்கிற எல்லாரும் அடிபடுவதில்லை. அதற்காக நம் பிள்ளையைப் பார்க்காமல் கடக்கச் சொல்வோமா? கூட்டம் முடிந்து போகும்போது அந்தப் பாட்டி தன் சுருக்குப்பையில் இருந்து பொயிலையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைத்தார். விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். விடவில்லை. ஆனால் மருமகள் முன்னால் போடுவதில்லை என்று ஊக்குநர் சொன்னார். அதுவும் ஒரு படி.

குழுவில் என்ன செய்யலாம்?

நம்மிடம் வாராவாரம் கூடுகிற கூட்டம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்கும் இல்லாத வசதி இது.

* புதிதாகக் கல்யாணமான, பிள்ளை எதிர்பார்க்கும் உறுப்பினர்கள், மருமகள்கள் யார் யார் என்று ஊக்குநருக்குத் தெரிய வேண்டும். கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள்; தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். பிள்ளை இல்லாத மனசு நோகக் கூடாது.

* நாள் தள்ளினால் உடனே சோதனை. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவிக்கும் இந்தப் பதிவு முக்கியம்.

* கர்ப்பிணி உறுப்பினருக்குத் தவணை நெருக்கடி இருந்தால் சில மாதம் வட்டி மட்டும் கட்டத் தீர்மானம் போடலாம். தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

* கூட்டம் நடக்கும் இடத்தில் வெற்றிலைத் தட்டு வேண்டாம்.

கலந்து பேச மூன்று கேள்விகள்

1. நம் குழுவில் நாள் தள்ளியதை எத்தனை நாளில் வெளியே சொல்கிறோம்? சொல்லத் தடையாக இருப்பது என்ன?

2. பீடித்தட்டில் இருந்து கர்ப்பிணியை இறக்கினால் வீட்டு வருமானத்தில் எவ்வளவு குறையும்? அதைக் குழு எப்படித் தாங்கும்?

3. "கிரகணம் பிடிச்சது" என்று சொல்லி நாம் யார் மேல் பழி போட்டிருக்கிறோம்?

முடிக்கும் முன்...

முதலில் சொன்ன அந்தத் தங்கையின் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன்? "உன்னால இல்லம்மா. அதுக்கு இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அடுத்த தடவை நாம முன்னாலயே தயாரா இருப்போம்" என்றேன். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் எழுதிக் கொடுத்த கூடுதல் அளவு மாத்திரையை, கருத்தரிக்கும் முன்பே பல மாதம் தவறாமல் சாப்பிட்டாள். குழு கூடித் தீர்மானம் போட்டது: ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும். அவள் இலை வெட்டிக் கொடுப்பாள், பக்கத்து வீட்டு மதினிமார் இருவர் தூள் வைத்துச் சுற்றிக் கொடுப்பார்கள், கூலியைப் பிரித்துக்கொள்வார்கள்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். ஐந்தாம் மாத ஸ்கேனில் முதுகுத்தண்டு மூடியிருக்கிறது என்று சொன்னார்கள். அந்த ஸ்கேன் அறை வாசலில் நின்றது அவள் மாமியார். வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "எம்மா, அந்தக் கால்சியம் மாத்திரை தீரப் போகுது, யாருகிட்ட கேக்கணும்?" என்றார்.

சகோதரிகளே, போன கூட்டத்தில் இருந்து நான் என் நோட்டில் தவணைக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன். மாத்திரைக் கட்டம். நீங்களும் உங்கள் குழு நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள்.

சேர்ந்து சேமிப்போம், பிள்ளைகளையும் சேர்ந்தே காப்போம்.

அன்புடன்,
களப்பணி ஒருங்கிணைப்பாளர்